பிரியாத மாவு

நைட் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தபோது செவலை நின்றுகொண்டிருந்தது. அந்த நேரத்தில் அது படுத்து அசை போட்டுக்கொண்டிருக்க வேண்டிய மாடு. கழுத்தை நீட்டி, தலையை ஒரே இடத்தில் நிறுத்தி வைத்திருந்தது. கண்ணோரம் ஈ மொய்த்தும் காதை ஆட்டவில்லை. மூக்கைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. இடது பக்கம் வயிறு பானை மாதிரி எழும்பி நின்றது.

அக்கா சிந்தாமணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"விடியக்காலையிலேருந்து இப்படித்தான் நிக்கிது. சாணியும் போடல. பாலு ஒரு செம்பு கூட வரல. காம்பத் தொட்டா ஒதைக்கிது."

"என்னா தின்னுச்சு?"

"எப்பவும் திங்கிறதுதான். ஒங்க கம்பெனி மாவு."

அவளும் அதே கம்பெனியில்தான் வேலை செய்தாள், பகலில், பை வெட்டுகிற டேபிளில். ஆனாலும் 'ஒங்க கம்பெனி' என்றுதான் சொல்வாள். பாலிடெக்னிக் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மெஷினுக்குப் போனவன் நான். அந்தப் பாதிப் படிப்பை அவள் மறக்கவில்லை என்பதற்கு இது அடையாளம்.

2006-ஆம் வருடம், ஐப்பசி மழை விட்டிருந்த சமயம். எங்கள் ஊர் ரஞ்சன்குடிக்குப் பக்கம். கம்பெனி பெரம்பலூருக்கு வெளியே, மக்காச்சோளக் காட்டுக்கு நடுவில் ஒரு தகரக் கொட்டகை. முதலாளி நஜீமுதீன் பாய் லப்பைக்குடிக்காட்டுக்காரர். துபாயில் பிளாஸ்டிக் கம்பெனி ஒன்றில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரி நர்சரிகளுக்குக் கன்று வைக்கிற பை செய்தார். சாதாரணப் பையைக் கிழித்து எடுத்துவிட்டுத்தான் கன்றை நட வேண்டும். இந்தப் பையை அப்படியே குழிக்குள் இறக்கிவிடலாம். மண்ணில் மக்கிப் போகும். பாதி மக்காச்சோள மாவு, பாதி கப்பலில் வருகிற ஒரு மக்கும் பிளாஸ்டிக். இரண்டையும் மெஷினில் உருக்கி, பிசைந்து, பலூனாக ஊதி, வெட்டினால் பை.

சொல்லும்போது சுலபம். மாவுக்குத் தண்ணீர் பிடிக்கும். பிளாஸ்டிக்குக்குத் தண்ணீர் ஆகாது. எவ்வளவு சூட்டில் எவ்வளவு அழுத்திப் பிசைந்தாலும் உள்ளே இரண்டும் தனித்தனியாகத்தான் கிடந்தன. வெளிச்சத்தில் பிடித்தால் பை முழுக்க வெள்ளைப் புள்ளி தெரியும். மண் போட்டுத் தூக்கினால் அடிப்பக்கம் கன்றோடு தரையில் நிற்கும், மேல்பக்கம் கையில் இருக்கும். மழையில் நனைந்தால் மாவு கரைந்து ஓடிவிடும், சல்லடை மாதிரி பிளாஸ்டிக் மட்டும் மிஞ்சும். நர்சரிக்காரர்கள் லாரியோடு திருப்பி அனுப்பினார்கள்.

பாய் மனம் தளரவில்லை. யார் வந்தாலும் ஒரு பையை எடுத்து மூலையைக் கிழித்து, 'பிஸ்மில்லா' என்று சொல்லி வாயில் போட்டு மென்று காட்டுவார். "பாத்தீங்களா, சோளந்தான். எங்க வேஸ்ட்டக்கூட மாடு குடிக்கிது" என்பார்.

அது பொய்யில்லை. மெஷினைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் கட்டி கட்டியாக வேஸ்ட் விழும். கட்டிங் டேபிள் பெண்கள் அதைச் சாக்கில் அள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காலையில் பிசைந்தால் மாவு பாலாக இறங்கும். பழைய சேலையில் வடிகட்டி, தவிடும் உப்பும் கலந்து மாட்டுக்கு வைப்பார்கள். சேலையில் தங்குகிற பிளாஸ்டிக் சக்கையைத் தூக்கிப் போடுவார்கள். மாவும் பிளாஸ்டிக்கும் ஒட்டாததுதான் எங்கள் தெரு மாடுகளுக்குத் தீனியாக இருந்தது. செவலை பளபளவென்று ஆனது அந்தத் தண்ணியில்தான்.

பிறகு ஃபைஸா வந்தார். பாயின் அக்கா மகள், திருச்சியில் கெமிஸ்ட்ரி எம்.எஸ்ஸி. முடித்தவர். மாவையும் பிளாஸ்டிக்கையும் ஒட்டவைக்கிறேன் என்று இறங்கினார். ஒரு டிரம் வந்தது. அதில் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள். மேலிக் அன்ஹைட்ரைடு என்று பெயர். எங்களுக்கு அது 'மருந்து'. அதைத் திறக்கும்போது எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு முகமூடியும் கையுறையும் போட்டுக்கொள்வார். வெளியே நின்றாலும் கண் எரியும், தொண்டை கமறும்.

"இது ஒரு கையால பிளாஸ்டிக்கப் புடிச்சிக்கும், இன்னொரு கையால மாவப் புடிச்சிக்கும். அப்புறம் ரெண்டையும் யாராலயும் பிரிக்க முடியாது" என்று எனக்கு விளக்கினார்.

"கை புடிக்காத மருந்து மிச்சமிருந்தா, மேடம்?"

"மிச்சமிருக்கக் கூடாது. அதுக்குத்தான் அளவு."

முந்தா நாள் பகலில் முதல் ஓட்டம். எந்த அளவில் ஒட்டுகிறது என்று தெரிவதற்காக மருந்தை வேண்டுமென்றே கூடுதலாகப் போட்டார்கள். பலூன் எழும்பியது, புள்ளியே இல்லை. பாய் இரண்டு கையாலும் இழுத்தார். டிரைவரை இழுக்கச் சொன்னார். கிழியவில்லை. அன்றைக்கு எல்லாருக்கும் பிரியாணி. தூக்கம் கெட்டாலும் பரவாயில்லை என்று நானும் போய்ச் சாப்பிட்டேன். வேஸ்ட் பின்பக்கம் குவிந்து கிடந்தது. திரும்ப அரைத்து ஓட்டலாம் என்று மேடம் நினைத்திருந்தார். மாட்டுக்குப் போகிற விஷயத்தைப் பாய் வெளியாட்களிடம் சொல்வாரே தவிர, மேடத்திடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அதெல்லாம் எம்.எஸ்ஸி. படித்தவரிடம் சொல்கிற விஷயம் இல்லை.

"எந்த வேஸ்ட்ட அள்ளியாந்த?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"பின்னாடி கெடந்தத. புதுசு. நேத்து ஊறப்போட்டுப் பெசஞ்சு பாத்தேன், பாலே எறங்கல. கல்லு மாரி கெடந்துச்சு. பக்கத்து வூட்டுப் பூமாலை ஆவாதுன்னு எருக்குழியில கொட்டிட்டா. அவளுக்கு எப்பவுமே பொறும கெடையாது. ராத்திரி நான் அண்டாவுல போட்டு வேக வெச்சேன்."

"வேக வெச்சியா?"

"களி மாரி வந்துச்சுடா! வெள்ள வெளேர்னு, சும்மா இழுவையா. வேகறப்ப வெங்காயம் உரிச்ச மாரி கண்ணு எரிஞ்சுது. கயல் வேற பக்கத்துல கெடந்து இருமிக்கிட்டே இருந்தா. அப்புறம் தவிட்டப் போட்டுக் கிண்டி, கை பொறுக்கற சூட்டுல வெச்சேன். செவல நக்கி நக்கித் தின்னுச்சு. அண்டா வெளிய வெச்சிருக்கேன், பாரு."

அண்டா வேலியோரம் இருந்தது. அடியில் வெள்ளையாக ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்ததை அகப்பையால் தட்டினேன். டக் டக் என்றது. அந்தப் பிளாஸ்டிக் அறுபது டிகிரியிலேயே உருகும். கொதிக்கிற தண்ணீரில் களியாகத்தான் இருக்கும். மாட்டு வயிற்றில் அறுபது டிகிரி கிடையாது. உள்ளே போய் ஆறியிருக்கும். ஆறினால் இறுகும். அண்டாவின் அடியில் எது இருந்ததோ, அதுதான் இப்போது செவலையின் வயிற்றில் இருந்தது.

அடியிலிருந்து ஒரு பத்தையைப் பெயர்த்து இரண்டு கையாலும் இழுத்தேன். பிரியவே இல்லை. இத்தனை மாதமாக நாங்கள் கேட்டது இதைத்தான்.

பத்தையை மூக்கில் வைத்தேன். சோள வாசனைக்கு அடியில் டிரம்மின் கமறல் இருந்தது.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பிள்ளை ஞாபகம் வந்தது.

"யக்கா, கயலுக்கு என்னா குடுத்த?"

"பாலுதான். கறந்தது அவளுக்குத்தான் சரியா இருந்துச்சு."

கயல் அக்காவின் மகள், பத்து மாதம். காய்ச்சல் வந்ததில் அக்காவுக்குத் தாய்ப்பால் வற்றிவிட்டது. மாமா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். பிள்ளை குடிப்பதெல்லாம் செவலையின் பால்தான்.

உள்ளே போனேன். தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் காலையில் பால் குடித்துவிட்டு மறுபடி தூங்குவது வழக்கம்தான். ஆனால் அப்போது எனக்கு எந்த வழக்கமும் ஞாபகத்துக்கு வரவில்லை. மூக்குக்குக் கீழே விரலை வைத்தேன். மூச்சு வந்தது. வேகமாக வருகிற மாதிரி இருந்தது. மெதுவாக வருகிற மாதிரியும் இருந்தது. உள்ளங்காலைச் சுண்டினேன். அசையவில்லை. இன்னொரு முறை ஓங்கிச் சுண்டினேன். வீறிட்டு அழுதது.

அக்கா ஓடிவந்து தூக்கிக்கொண்டாள். "பைத்தியமாடா ஒனக்கு? தூங்கற புள்ளைய எதுக்கு..." என்றவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "என்னாடா?"

சொன்னேன். மருந்தைப் பற்றி, எனக்குத் தெரிந்த அரைகுறையில் சொன்னேன். முழுக்கத் தெரிந்திருந்தால் அளவாகப் பயந்திருப்பேன். ஒன்றுமே தெரியாவிட்டால் பயமே வந்திருக்காது. அரைகுறைக்குத்தான் எல்லை கிடையாது.

அக்கா பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்தாள். உள்ளே என்ன தெரியப் போகிறது. "மேடத்துக்குப் போனப் போடு" என்றாள்.

போட்டேன். ஃபைஸா கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"மேடம், முந்தா நாள் வேஸ்ட்ட மாடு தின்னுருச்சு."

"எந்த மாடு? எப்படி உள்ள வந்துச்சு?"

"உள்ள வரல மேடம். வூட்டுக்குக் கொண்டாந்து, வேக வெச்சுக் குடுத்திருக்காங்க. எப்பவும் குடுக்கறதுதான்."

மறுபக்கம் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"எப்பவும்னா?"

"ஆரம்பத்துலேருந்தே."

"யா அல்லா. எனக்கு ஏன் யாரும் சொல்லல?"

"மாட்டுப் பால கொழந்த குடிச்சிருக்கு மேடம். பத்து மாசம். வேகறப்ப ஆவியும் பட்டிருக்கு."

இந்தத் தடவை பாத்திரச் சத்தமும் கேட்கவில்லை. வேறு அறைக்குப் போய்விட்டார் போல. பேசும்போது குரல் நிதானமாக இருந்தது. எழுதி வைத்து வாசிக்கிற நிதானம்.

"பயப்படாதீங்க. மருந்து மாவோட கட்டிப்போயிருக்கும். கட்டிப்போனா ஒன்னும் செய்யாது. இனிமே அந்தப் பால் மட்டும் குடுக்க வேணாம். நானும் மாமாவும் வர்றோம்."

அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னா சொல்றாங்க?"

"பயப்படாதீங்கன்னு சொல்றாங்க."

"நெசமாவா?"

"அப்படித்தான் சொன்னாங்க."

அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைக்கு வெந்நீரும் சர்க்கரையும் கொடுத்தாள். அது சிரித்தது, என் மூக்கைப் பிடித்து இழுத்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "படிச்ச பொண்ணு ஒன்னுமில்லன்னு சொல்லுது. நீ மாட்டு டாக்டரக் கூட்டியா. செவல செத்தா புள்ளைக்கு எங்கேருந்து பாலு ஊத்துவேன்?" என்றாள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அன்று காலையில் யார் எது சொன்னாலும் எனக்கு நியாயமாகப் பட்டிருக்கும்.

மாட்டு டாக்டர் பைக்கில் வந்தார். ஐம்பது வயதிருக்கும், வாயில் வெற்றிலை. செவலையின் இடது வயிற்றில் முஷ்டியை வைத்து அமுக்கினார். முஷ்டி உள்ளே போகவில்லை.

"உள்ள என்னாம்மா, அம்மிக் கல்லா?" என்றார். "அறுத்துத்தான் ஆவணும். விட்டா சாயங்காலம் தாண்டாது."

புங்க மரத்தில் மாட்டைக் கட்டினோம். நின்ற வாக்கிலேயே இடுப்புப் பக்கம் ஊசி போட்டு மரக்கவைத்து, மயிரைச் சிரைத்து, ஒரு சாண் நீளத்துக்கு வயிற்றைக் கிழித்தார். முதலில் தோல், அப்புறம் சதை, அப்புறம் இரைப்பை. இரைப்பையை வெளியே இழுத்துத் தோலோடு தைத்துக்கொண்டு அதையும் கிழித்ததும் காற்று புஸ்ஸென்று வந்தது. புளித்த நாற்றத்தில் தெருச் சனம் பின்வாங்கி, மறுபடி முன்னால் வந்தது. டாக்டர் தோள்பட்டை வரைக்கும் கையை உள்ளே விட்டார். தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, உள்ளே தடவினார். வெற்றிலை மெல்லுகிற வாய் நின்றுபோனது.

"வழவழன்னு இருக்கு. ஒரே துண்டு" என்றார்.

கிழித்த வாய் வழியாக முழுசாக வராது என்று உள்ளேயே கத்தியை விட்டு அறுத்து அறுத்து எடுத்தார். முதல் துண்டை வாளியில் போட்டபோது வாளி சரிந்தது. வெள்ளையாக, தவிடு அங்கங்கே பதிந்து, தேங்காய்ப் பருப்பு மாதிரி கெட்டியாக இருந்தது. ஒரு துண்டின் ஒரு பக்கம் முழுக்கத் தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாகக் கோடு. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு டாக்டர் என்னிடம் காட்டினார்.

"மாட்டோட ரெண்டாவது இரைப்பை உள்பக்கம் இப்படித்தான்யா இருக்கும். அச்சு எடுத்த மாரி விழுந்திருக்கு பாரு. பிளாஸ்டிக் தின்ன மாட்ட எத்தனையோ அறுத்திருக்கேன். பை வரும், கயிறு வரும், செருப்பு கூட வந்திருக்கு. உள்ளயே செலை வார்த்தத இன்னைக்குத்தான் பாக்கறேன். என்னா எழவு இது?"

"மக்காச்சோள மாவு சார்."

"நக்கலு?"

"மாவும் பிளாஸ்டிக்கும். பிரியாம ஒட்டவெச்சது."

"எவன் ஒட்டவெச்சான்?"

அப்போது பாயின் வேன் தெருமுனையில் திரும்பியது.

அக்கா டாக்டரிடம் கேட்டாள். "சார், இத தின்ன மாட்டோட பால கொழந்த குடிச்சா?"

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே கயலைப் பார்த்தார். அது அக்காவின் தாலிக் கயிற்றைச் சப்பிக்கொண்டிருந்தது.

"அது எனக்குத் தெரியாதும்மா. இதுல என்னா போட்டாங்கன்னு போட்டவனத்தான் கேக்கணும். மாடு ராத்திரிக்குள்ள அசை போட்டா பொழச்சுக்கும்" என்று சொல்லிவிட்டுத் தைக்க ஆரம்பித்தார்.

நஜீமுதீன் பாய் வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கைலியுமாக இறங்கினார். ஃபைஸா பின்னாலேயே வந்தார். மாட்டையும் பார்க்கவில்லை, வாளியையும் பார்க்கவில்லை. நேராகக் கயலிடம் போய் அதன் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், தொடையை அமுக்கிப் பார்த்தார். டாக்டர் பார்ப்பது போல் செய்தாரே தவிர, என்ன தேடுகிறார் என்று அவருக்கே தெரியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

"ஒன்னும் ஆவாதும்மா" என்றார் பாய். "மாட்டுக்கு நான் பொறுப்பு. கொழந்தைக்கு ஒன்னும் ஆவாது. என்னா இருக்கு இதுல? சோளந்தான."

"சோளந்தானா பாய்?"

"அல்லா மேல சத்தியமா சோளந்தாம்மா. நான் எத்தன தடவ மென்னு காட்டியிருக்கேன், நீயே பாத்திருக்கல்ல?"

அக்கா பிள்ளையை என் கையில் கொடுத்தாள். வேலியோரம் போய் அண்டாவை இழுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். அடியிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பத்தையைப் பெயர்த்து, குழாயடியில் கழுவி, முந்தானையில் துடைத்து நீட்டினாள்.

"அப்ப தின்னுங்க."

தெருவில் யாரோ சிரித்தார்கள். பூமாலைதான். "அடியேய், மொதலாளிக்கே களி ஊட்டறியா?" என்றாள். வேறு யாரும் சிரிக்காததால் அவளும் நிறுத்திக்கொண்டாள்.

"நான் சண்டைக்குச் சொல்லல பாய்" என்றாள் அக்கா. "மாட்டுக்குக் காசும் கேக்கல, ஒன்னும் கேக்கல. எம்புள்ள குடிச்சிருக்கு. பயப்படாதன்னு எல்லாரும் சொல்றீங்க. என்னால முடியல. நீங்க தின்னீங்கன்னா நானும் நம்பிக்கிடுவேன். எப்பவும் திங்கிறதுதான? ஒரு வாய்."

பாய் அதை வாங்கிக்கொண்டார். பையில் மூலையைக் கிழிப்பது போலக் கிழிக்கப் பார்த்தார். கிழியவில்லை. கடைவாயில் வைத்துத்தான் கடிக்க வேண்டும். நெற்றியில் வியர்த்திருந்தது. அவர் பயந்தார் என்று நான் சொல்ல மாட்டேன். மருமகள் சொன்னதை அவரும் நம்பியிருந்தார். "பிஸ்மில்லா" என்று வாயைத் திறந்தார்.

ஃபைஸா அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"வேணாம் மாமா."

எட்டி, சட்டென்று, அடுப்பில் கை வைக்கப் போகிற பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி பிடித்தார். பிடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்குத் தெரிந்தது. கையை எடுத்துக்கொண்டார். ஆனால் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். மாட்டுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்த டாக்டர் ஊசியோடு திரும்பிப் பார்த்தார்.

பத்தை பாயின் கையிலிருந்து கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

அக்கா என் கையிலிருந்து கயலைப் பிடுங்கினாள். தலைமுடி அவிழ்ந்திருந்தது, செருப்பும் இல்லை. அப்படியே போய் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "வண்டிய எடுக்கச் சொல்லு" என்றாள்.

பெரம்பலூர் போகும் வரைக்கும் பாய் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து முணுமுணுத்து ஓதிக்கொண்டே வந்தார். கயல் ஜன்னலைத் தட்டி விளையாடியது. அது விளையாட விளையாட எனக்குப் பயம் கூடியது. தூங்கியபோது ஏன் தூங்குகிறது என்று பயந்தேன். விளையாடும்போது எதுவரைக்கும் விளையாடும் என்று பயந்தேன்.

டவுனில் ஒரு ஆஸ்பத்திரி. டாக்டர் சின்ன வயதுப் பெண். பிள்ளையின் நெஞ்சில் குழாயை வைத்துக்கொண்டே, "என்ன சாப்பிட்டுச்சு?" என்று கேட்டார்.

நாங்கள் மூன்று பேரும் ஃபைஸாவைப் பார்த்தோம். அவர் மருந்தின் பெயரைச் சொன்னார். டாக்டருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னார். "தண்ணில பட்டா மேலிக் ஆசிடா மாறிடும். மாடு அதைச் சாப்பிட்டிருக்கு. பால்ல எவ்ளோ வந்திருக்கும்னு தெரியல. ஆவியும் பட்டிருக்கு."

"அது உள்ள போனா எதைப் பாதிக்கும்?"

ஃபைஸா கொஞ்சம் தயங்கினார். "கிட்னினு படிச்சிருக்கேன். மனுசங்களுக்கு எவ்ளோன்னு தெரியாது. எலிக்குக் குடுத்துப் பாத்திருக்காங்க."

"எலிக்கு என்னா ஆச்சு பாப்பா?" என்று அக்கா கேட்டாள்.

ஃபைஸா குனிந்து கயலின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். அக்கா இரண்டாவது தடவை கேட்கவில்லை.

ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வரப் பொழுதாகும், அதுவரைக்கும் இங்கேயே இருங்கள், பிள்ளை ஒன்றுக்குப் போகிறதா என்று பாருங்கள், போனால் உடனே சொல்லுங்கள் என்றார் டாக்டர். "காலையிலேருந்து எத்தனை தடவை போச்சு?"

அக்கா யோசித்தாள். காலையிலிருந்து மாட்டைப் பார்த்திருந்தாள், அண்டாவைப் பார்த்திருந்தாள், எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். இதைக் கவனிக்கவில்லை. "தெரியலியே. விடியக்காலையில தூளி நனைஞ்சிருந்துச்சு. அப்புறம் நான் பாக்கலியே" என்று சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

வராந்தா பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தோம். பிள்ளைக்கு அடியில் காய்ந்த துணியை விரித்து மடியில் வைத்திருந்தாள் அக்கா. தண்ணீர் கொடுத்தோம். குடித்தது. நாங்கள் நான்கு பேரும் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மாட்டுக்குத் தீனி, ஒரு ஊருக்குப் பை, எம்.எஸ்ஸி. படிப்பு, துபாய்ச் சம்பாத்தியம், எல்லாம் அந்தத் துணி நனைகிறதா என்பதில் வந்து நின்றது. அக்கா அடிக்கடி கையை அடியில் விட்டுத் தடவினாள். ஒவ்வொரு தடவையும் நாங்கள் அவள் முகத்தைப் பார்த்தோம். அவள் தலையை ஆட்டினாள்.

கால் மரத்துப்போனது என்று அக்கா எழுந்தபோது பாய் பிள்ளையை வாங்கிக்கொண்டார். அவருக்கும் பேரப்பிள்ளைகள் உண்டு. தோளில் சாய்த்து முதுகைத் தட்டினார். அது அவர் தாடியைப் பிடித்து இழுத்தது. அவர் இழுக்க விட்டார்.

திடீரென்று அவர் நின்றார். கையை விலக்காமல், அசையாமல், கல் மாதிரி நின்றார்.

"நனைஞ்சிருச்சு" என்றார். பிறகு வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். "சிந்தாமணி! நனைச்சிருச்சும்மா! எம்மேலதான்!"

வெள்ளைச் சட்டையில் மார்பிலிருந்து வயிறு வரைக்கும் ஈரம் இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா ஓடிவந்து சட்டையைத் தொட்டாள். உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தாள், மூக்கில் வைத்து மோந்து பார்த்தாள். ஃபைஸா டாக்டரைக் கூப்பிட ஓடினார். பாய் சிரித்துக்கொண்டே அழுதார். நான் எழுந்து, மறுபடி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர் வந்து பார்த்தார். நல்லது என்றார். ரத்த ரிசல்ட் வரட்டும் என்றார். நாளைக்கும் பார்க்க வேண்டும், நாளை மறுநாளும் பார்க்க வேண்டும் என்றார்.

அக்கா கயலை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஃபைஸாவின் முன்னால் போய் நின்றாள். கோபமில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் நின்றாள்.

"பாப்பா, இது போதுமா?"

ஃபைஸா காலையில் போனில் பேசின குரலில் பேசவில்லை.

"தெரியலக்கா" என்றார்.

கம்பெனிக்காரர்கள் அன்றைக்கு அக்காவிடம் நேராகச் சொன்ன ஒரே நிஜம் அதுதான். அக்கா தலையை ஆட்டிவிட்டு, பெஞ்சில் வேறொரு காய்ந்த துணியை விரித்து உட்கார்ந்தாள். பூமாலையின் செல்லுக்குப் போன் போட்டேன். செவலை இன்னும் அசை போடவில்லை என்றாள்.